கூண்டு கட்டிய பழைய பிக்-அப் வண்டியில் டீசல் செலவைக் குறைக்கும் வழிகள்

கீரை, கத்தரி, வெண்டை ஆகியவற்றைத் தரகர் கையில் ஒப்படைக்காமல், தாமே சென்னைக்குக் கொண்டு வந்து விற்கும் சிறு விவசாயிகள் உண்டு. இரவில் புறப்பட்டு, வண்டியிலேயே சற்றுக் கண்ணயர்ந்து, விடியலில் அடையாறு, மயிலாப்பூர், தியாகராய நகர் கடைகளுக்குச் சரக்கு இறக்குவார்கள். வெயிலுக்கும் மழைக்கும், படுத்து உறங்குவதற்கும் வண்டியின் மேல் இரும்புக் குழாயில் கூண்டு கட்டித் தார்ப்பாய் போர்த்துவது வழக்கம். ஆனால் பழைய வண்டியும் உயரமான கூண்டும் சேர்ந்தால், காய்கறியில் கிடைக்கும் லாபம் டீசலிலேயே கரைந்துவிடும்.

முதலில் கணக்கு

திருப்போரூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து சென்னைக்குப் போய்வர 90 கிலோமீட்டர், வாரத்திற்கு 3 நடை என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 270 கிலோமீட்டர். லிட்டருக்கு 12 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு 22.5 லிட்டர் டீசல் தேவை. 13 கிலோமீட்டர் ஓடினால் 20.8 லிட்டர் போதும். லிட்டர் 90 ரூபாய் என்று கொண்டால், ஆண்டுக்கு ஏறத்தாழ 8,000 ரூபாய் மீதம். 15 கிலோமீட்டர் ஓடினால் 21,000 ரூபாய் மீதமாகும்.

ஆகவே, முதல் வேலை அளந்து பார்ப்பதே. டாங்கியை முழுவதும் நிரப்பி, மீட்டரில் உள்ள கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ளவும். ஒரு வாரம் ஓட்டியபின் அதே பங்க்கில் மீண்டும் முழுவதும் நிரப்பவும். ஓடிய தூரத்தை, இரண்டாம் முறை ஊற்றிய லிட்டரால் வகுத்தால் மைலேஜ் தெரியும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து அளந்தால்தான், எதனால் பலன் கிடைத்தது என்பது விளங்கும்.

கூண்டும் காற்றும்

'குட்டி யானை' என்று அழைக்கப்படும் டாடா ஏஸ் 2005ஆம் ஆண்டு அறிமுகமானது. தொடக்க கால வண்டியின் எஞ்சின் 702 சி.சி. அளவும் 16 குதிரைத் திறனும் கொண்டது. அதன் சுமைத் திறன் 750 கிலோ. இத்தகைய சிறு எஞ்சினுக்கு உயரமான கூண்டு பெரும் பாரம். வேகம் 40லிருந்து 60 கிலோமீட்டராகக் கூடினால், காற்றின் எதிர்ப்பு இருமடங்குக்கும் மேலாகிறது.

கூண்டின் உயரம் ஓட்டுநர் அறையின் கூரைக்குச் சமமாக இருப்பது நல்லது. அதற்கு மேல் தேவைப்பட்டால் முன்பக்கத்தைச் சரிவாக அமைக்கவும். தார்ப்பாய் காற்றில் படபடக்காதபடி இறுக்கிக் கட்ட வேண்டும். சரக்கு இறக்கியபின் தார்ப்பாயைச் சுருட்டி வைத்துவிட்டுத் திரும்பலாம். இரும்புக் கட்டில், உபயோகமற்ற பலகை, நிறைந்த தண்ணீர் டிரம் முதலியவற்றை ஒவ்வொரு நடையும் சுமந்து திரிய வேண்டியதில்லை. வண்டியின் அமைப்பை மாற்றுமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளவும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, பதிவிலுள்ள அமைப்பை அனுமதியின்றி மாற்றக் கூடாது.

பழைய வண்டியில் கவனிக்க வேண்டியவை

1. டயர் காற்றை வாரம் ஒருமுறை, வண்டி ஓடுவதற்கு முன் பார்க்கவும். தயாரிப்பாளர் குறித்துள்ள அளவே சரியானது.

2. கரும்புகை வந்தால் ஏர் ஃபில்டரைப் பார்க்கவும். மண் பாதையில் ஓடும் வண்டியில் அது விரைவில் அடைபடும். அதன் பிறகும் புகை நிற்காவிட்டால் இன்ஜெக்டரைச் சோதிக்க வேண்டும்.

3. வண்டியை நிறுத்தியதும் நான்கு சக்கரங்களின் அருகிலும் கையைக் கொண்டு சென்று பார்க்கவும். ஒன்றில் மட்டும் அனல் அடித்தால் பிரேக் பிடித்தபடியே ஓடுகிறது என்று அறியலாம். இது டீசல் நஷ்டம் மட்டுமன்று, ஆபத்தும் ஆகும்.

4. கிளட்ச் மீது கால் வைத்தபடி ஓட்டுவதைத் தவிர்க்கவும்.

ஓட்டும் முறை

பழைய மகாபலிபுரம் சாலையில் 40 முதல் 50 கிலோமீட்டர் வேகத்தில் சீராகச் செல்வது சிக்கனம். சிக்னல் சிவப்பாவதைத் தூரத்திலேயே கண்டு ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடவும். பாலச் சரிவில் எஞ்சினை அணைத்து உருட்டுவது கூடவே கூடாது. பிரேக்கின் துணைவிசை போய்விடும். சரக்கு இறக்கும்போது எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. நிற்கும் வண்டியின் மைலேஜ் பூஜ்யம்.

கடைகளை ஒரு வட்டமாக அமைத்துக்கொள்ளவும். முதலில் அடையாறு, பின் திரு.வி.க. பாலம் கடந்து மயிலாப்பூர். அடுத்து தியாகராய நகர். திரும்பும்போது சைதாப்பேட்டை, சின்னமலை வழி. பனகல் பூங்காப் பகுதியில் நெரிசல் தொடங்குமுன் வெளியேறிவிட வேண்டும். சரக்கு வண்டிகளுக்கான நேரக் கட்டுப்பாட்டையும் முன்னரே அறிந்திருத்தல் நலம்.

ஏமாற வேண்டாம்

டீசலில் மண்ணெண்ணெய் கலந்தால் பம்பும் இன்ஜெக்டரும் தேய்ந்துவிடும். மைலேஜ் கூட்டும் காந்தம், மருந்து என்று விற்பவற்றை நம்ப வேண்டாம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஆராய்ந்த நூற்றுக்கு மேற்பட்ட இத்தகைய சாதனங்களில் மிகச் சிலவே ஏதேனும் பலன் தந்தன.

கிலோவுக்கு எவ்வளவு?

மைலேஜைவிட முக்கியமானது ஒன்று உண்டு. மேற்சொன்ன 12 கிலோமீட்டர் வண்டிக்கு ஒரு நடை டீசல் செலவு 675 ரூபாய். 250 கிலோ ஏற்றினால் கிலோவுக்கு 2 ரூபாய் 70 காசு. 500 கிலோ ஏற்றினால் 1 ரூபாய் 35 காசுதான். பாரம் கூடுவதால் டீசல் சிறிது கூடினாலும் இந்த லாபத்தை அது விழுங்கிவிடாது. அடுத்த வயல்காரரின் காயையும் சேர்த்து ஏற்றி, செலவைப் பங்கிட்டுக்கொண்டால் இருவருக்குமே நன்மை. ஆனால் அனுமதித்த பாரத்துக்கு மேல் ஏற்றக் கூடாது.

வண்டிக்கென ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு, அடுத்த முறை டாங்கி நிரப்பும் நாளிலேயே கணக்கைத் தொடங்கவும். கூண்டும் டயரும் தின்னும் பணம் எவ்வளவு என்று ஒரு மாதத்தில் தெரிந்துவிடும்.