நாற்காலி கிரேன்

கேள்வி: பக்கத்துப் பழைய ரப்பர் தோட்டத்தில் வீடுகள் கட்டுகிறார்கள். அதைப் பார்த்ததிலிருந்து என் நாலு வயது மகனுக்கு எந்நேரமும் லோரி, புல்டோசர்தான். நாற்காலிகூட கிரேன்! இப்படியே விடலாமா?
– ஒரு தாய், ஈப்போ

பதில்: தாராளமாக விடுங்கள் அம்மா. ஒன்றை இன்னொன்றாகப் பாவிக்கத் தெரிவது பெரிய வளர்ச்சி. பிள்ளையின் பேச்சும் அதோடு சேர்ந்தே வளரும். பத்து காஜா பக்கம், தஞ்சோங் துவாலாங்கில் நிற்கும் ஈயம் எடுத்த கப்பலை அவனுக்குக் காட்டுங்கள். 1938இல் கட்டியது, 4,500 டன் எடை. வரிசையாகச் சுற்றும் இரும்பு வாளிகளால் குளத்தின் அடிமண்ணை அள்ளி, 1982 வரை ஈயம் பிரித்தது. எவ்வளவு கேள்வி கேட்பான், பாருங்கள்! வீட்டில் மைலோ டின், கயிறு, கொஞ்சம் மணல் கொடுங்கள். அவனே வாளி கட்டுவான். கட்டுமான இடத்துக்கு மட்டும் தனியே போக விடாதீர்கள்.