உழவர் காத்த சொல்

புலிக்கும் பருந்துக்கும் உள்ள கூரிய நகத்தை நம் பழந்தமிழ் நூல்கள் உகிர் என்று கூறும். ஆங்கிலத்தில் அதனைக் குறிக்கும் சொல் 'கிளா' என்பது. செய்தித்தாளிலும் பாடநூலிலும் நாம் காண்பது இச்சொல்லே. ஆனால், இங்கிலாந்தின் பல வட்டாரங்களில் ஏர் பிடித்தும் ஆடு மேய்த்தும் வாழ்ந்த மக்கள் நெடுங்காலமாக மற்றொரு சொல்லை வழங்கிவந்தனர். 'கிளீ' என்பது அச்சொல். நகரத்து வழக்கே திருத்தமான வழக்கு என்று கருதுவோர், நாட்டுப்புறச் சொல் எதுவாயினும் அதனைக் கொச்சை எனத் தள்ளிவிடுவது எந்நாட்டிலும் காணும் இயல்பு. அத்தகையோர், உழவர் 'கிளா' என்னும் சொல்லைத் தம் வாயில் சிதைத்தே 'கிளீ' என்றனர் என எண்ணினால் வியப்பில்லை. அவ்வெண்ணம் உண்மைக்குப் பொருந்துமா என்பதை ஆராய்வோம்.

ஆல்பிரட் அரசர் ஆண்ட ஒன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலம் இன்றுள்ள வடிவில் இல்லை. தனியே முயன்று பயின்றாலன்றி, இக்காலத்து ஆங்கிலேயராலும் அம்மொழியைப் படித்துணர இயலாது. அக்காலத்தில் பெயர்ச்சொற்கள் வேற்றுமைக்கு ஏற்ப உருவம் மாறின. தமிழில் 'மரம்' என்னும் சொல் வேற்றுமை உருபு ஏற்கும்போது 'மரத்து' என நின்று, 'மரத்தை', 'மரத்தால்' என வருதலை மாணவர் அறிவர். அதுபோலவே, உகிரைக் குறித்த சொல்லுக்கு எழுவாயில் 'கிளேஆ' என்னும் உருவமும், பிற வேற்றுமைகளில் 'கிளவெ' என்னும் உருவமும் வழங்கின. சொல் ஒன்று, உருவம் இரண்டு.

பின்னர் ஆங்கில மொழியில் வேற்றுமை ஈறுகள் தேயத் தொடங்கின. 1066-ஆம் ஆண்டில் நார்மானியர் இங்கிலாந்தை வென்றதற்கு முன்பே தொடங்கிய இத்தேய்வு, அதன் பின்னர் விரைந்து நிகழ்ந்தது. ஈறுகள் மறைந்தபின் ஒரு சொல்லுக்கு இரண்டு உருவங்கள் எதற்கு? ஆதலின் மக்கள் ஏதேனும் ஓர் உருவத்தைக் கைக்கொண்டு மற்றதைக் கைவிட்டனர். சில சொற்களில் மட்டும் இரண்டும் பிழைத்தன. நிழலைக் குறிக்கும் 'ஷேட்', 'ஷேடோ' என்னும் இரண்டும் பழங்காலத்தில் ஒரு சொல்லின் இரு வேற்றுமை உருவங்களே. புல்வெளியைக் குறிக்கும் 'மீட்', 'மெடோ' என்பனவும் அத்தகையனவே. இவற்றுள் 'மீட்' என்பது இன்று பெரும்பாலும் செய்யுளிலேயே வரும். 'ஷேட்' என்பது வெயில் படாத இடத்தையும், 'ஷேடோ' என்பது பொருளின் உருவைக் காட்டும் நிழலையும் குறித்து, இரண்டும் வேலையைப் பங்கிட்டுக்கொண்டன.

உகிரின் பெயருக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. 'கிளவெ' என்பதன் வழிவந்த 'கிளா' நூல்வழக்கில் அமர்ந்தது. 'கிளேஆ' என்பதன் வழிவந்த 'கிளீ' சிற்றூர்களில் தங்கிற்று. பழைய 'ஏஆ' என்னும் ஒலி பிற்காலத்தில் 'ஈ' என மாறுதல் ஆங்கிலத்தில் பெருவழக்கு. இலையைக் குறிக்கும் 'லீஃப்', ஓடையைக் குறிக்கும் 'ஸ்ட்ரீம்', கிழக்கைக் குறிக்கும் 'ஈஸ்ட்' ஆகியவற்றில் உள்ள 'ஈ' அவ்வாறு வந்ததே. இச்சொற்களைத் திருத்தமானவை என்று கொள்வோர், அதே நெறியில் பிறந்த 'கிளீ' என்பதை மட்டும் சிதைவு என்று கூறுதல் முறையாகுமோ? உண்மையை நோக்கின், எழுவாயின் நேர் வழித்தோன்றல் உழவர் சொல்லே. நூல்வழக்குச் சொல்லோ, 'மரம்' என்பது மறைந்து 'மரத்து' என்பதே பெயராய் நிலைத்துவிட்டது போன்ற நிலையில் உள்ளது!

பிற வேற்றுமையின் உருவம் எழுவாயை வென்றது ஏன்? விலங்கின் நகத்தைப் பற்றிப் பேசுவோர் ஒன்றைத் தனித்துக் கூறுதல் அரிது, பலவாகவே கூறுவர். பன்மையிலும் 'கிளவ' என்னும் பகுதியே நின்றது. மேலும், பிறாண்டுதலைக் குறித்த வினைச்சொல்லும் அப்பகுதியிலிருந்தே பிறந்தது. பல முறை காதில் விழுந்த உருவம் வென்றது என்பதே என் கருத்து.

பொருளிலும் ஒரு செய்தி உண்டு. பழைய ஆங்கிலத்தில் இச்சொல் புலியின் உகிரையும் பசுவின் குளம்பையும் ஒருங்கே குறித்தது. 1611-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆங்கில விவிலியத்தில், உபாகமம் என்னும் பகுதியில், பிளவுபட்ட குளம்பின் இரு கூறுகளையும் 'கிளா' என்றே குறித்துள்ளனர். இன்று பொதுவழக்கில் அப்பொருள் மங்கிவிட்டது. ஆனால், உழவரின் 'கிளீ' ஆடு, மாடு, பன்றி ஆகியவற்றின் பிளவுக் குளம்பை நெடுங்காலம் குறித்துவந்தது. ஈரநிலத்தில் மேயும் ஆட்டின் குளம்பில் அழுகல் நோய் பற்றும். அதனை அடிக்கடி நோக்கிச் செதுக்கிவிடுதல் மேய்ப்பனின் கடமை. நாள்தோறும் கையால் பிடித்துப் பார்க்கும் உறுப்பின் பெயர் எளிதில் மறக்குமோ?

இத்தகைய சொற்களை ஏட்டில் ஏற்றிய பெருமை ஜோசப் ரைட் என்பவரைச் சாரும். அவர் 1855-ஆம் ஆண்டில் யார்க்ஷயரில், பிராட்ஃபோர்டு நகரை அடுத்த சிற்றூர் ஒன்றில் எளிய குடும்பத்தில் பிறந்தார். ஆறு வயதில் கல்லுடைக்கும் இடத்தில் கழுதை ஓட்டும் சிறுவனாக வேலைக்குச் சென்றார். அடுத்துச் சால்ட்டேர் என்னும் ஊரின் நெசவாலையில் சேர்ந்தார். பதினைந்து வயது வரையில் அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. 1870-இல் பிரான்சும் பிரஷ்யாவும் போரிட்ட காலத்தில், செய்தித்தாளைப் பிறர் படிக்கக் கேட்டிருத்தல் போதாது, தாமே படித்தறிய வேண்டும் என்ற வேட்கை அவருக்கு எழுந்தது. முயன்று கற்றார். இரவுப் பள்ளியில் பிற மொழிகளும் பயின்றார். 1876-இல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்தை நாடிச் சென்றபோது, ஆண்ட்வெர்ப் துறைமுகத்திலிருந்து அந்நெடுவழியைக் கால்நடையாகவே கடந்தார் என்பர். அங்கேயே 1885-இல் டாக்டர் பட்டம் பெற்றார்.

இவ்வளவு கற்ற பின்னும் அவர் தம் தாய் பேசிய பேச்சை இழிவென்று ஒதுக்கவில்லை. தாம் வளர்ந்த விண்டில் என்னும் ஊரின் பேச்சுக்கு 1892-இல் இலக்கணமே வரைந்தார். இங்கிலாந்தில் வட்டார மொழிக்கழகம் ஒன்று 1873-இல் ஸ்கீட் என்னும் அறிஞரால் நிறுவப்பெற்றுச் சொற்களைத் திரட்டிவந்தது. அத்திரட்டுகளையும், நூற்றுக்கணக்கான தன்னார்வலர் விடுத்த சீட்டுகளையும் ஒழுங்குபடுத்தி, 1898 முதல் 1905 வரையில் ஆறு தொகுதிகளாக ஆங்கில வட்டார வழக்கு அகராதியை ரைட் வெளியிட்டார். விற்குமோ விற்காதோ என்று அஞ்சப்பட்ட அந்நூலின் செலவுப் பொறுப்பைத் தாமே ஏற்றார். 1901-இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஒப்பியல் மொழிநூல் பேராசிரியரானார்; வடமொழி அறிஞர் மாக்ஸ்முல்லர் முன்னர் அமர்ந்திருந்த இருக்கை அது. அகராதியில் 'கிளீ' தன் பலவகை உச்சரிப்புகளோடும், வழங்கும் மாவட்டங்களின் பெயர்களோடும் இடம்பெற்றது.

ரைட் 1930-இல் மறைந்தார். இருபது ஆண்டுகளுக்குப் பின், லீட்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹாரல்டு ஆர்ட்டன், ஆயிரத்து முந்நூறுக்கு மேற்பட்ட வினாக்களுடன் ஆய்வாளர்களை ஊர்தோறும் அனுப்பினார். பண்ணை, உழவு, விலங்குகள், இல்லம் முதலியன பற்றிய வினாக்கள் அவை. 1950 முதல் 1961 வரையில் 313 இடங்களில் இப்பணி நடந்தது. விடை கூறியவருள் பெரும்பாலோர் அறுபது வயது கடந்த சிற்றூர் மக்கள். பண்ணைகளில் குதிரை ஏர் நீங்கி டிராக்டர் வந்துகொண்டிருந்த காலம் அது. ஏரோடு அதன் உறுப்புகளின் பெயர்களும் நீங்கிக்கொண்டிருந்தன. அம்முதியோருள் பலருடைய குரலை ஆய்வாளர்கள் ஒலிப்பதிவும் செய்தனர். அப்பதிவுகள் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்பட்டுள்ளன.