செங்கொடியும் சிலுவையும்: தங்கவயல் தந்த பாடம்



கோலார் தங்கவயலில் சாம்பியன் ரீஃப் பகுதியின் லைன் வீடொன்றில் பிறந்தவன் நான். ஒரே வீட்டில் இரண்டு கட்சிகள் இருந்தன. அப்பா ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குச் செல்பவர். சித்தப்பா செங்கொடிச் சங்கத்தவர். "மனுஷன் மனசு மாறாம எது மாறினாலும் பிரயோஜனம் இல்லடா" என்பார் அப்பா. "வயிறு காய்ஞ்சவன் மனசு எப்படிண்ணே மாறும்?" என்பார் சித்தப்பா. நான் அப்பாவின் பக்கம் நின்று வளர்ந்தவன், இன்றும் அப்படியே. ஆயினும் ஒரு கொள்கையைக் குறை கூறுமுன் அதன் நிறையையும் எடைபோட வேண்டும். அதற்காகவே இக்கட்டுரை.

இடதுசாரி என்றால் என்ன?

1789-இல் பிரெஞ்சு தேசிய சபையில் மன்னரின் அதிகாரத்தைக் குறைக்க விரும்பியோர் தலைவருக்கு இடப்புறமும், அதைக் காக்க விரும்பியோர் வலப்புறமும் அமர்ந்தனர். அப்பெயர்களே நிலைத்துவிட்டன. பிற்காலத்தில் உடைமையைப் பொதுவாக்க விரும்பியோர் இடதுசாரிகள் எனப்பட்டனர். சமயத்துக்குள்ளும் இதே பிரிவு உண்டு. இரட்சிப்பு என்பதைச் சமூக விடுதலையாக விளக்குவோரைச் சமய இடதுசாரிகள் எனலாம்.

தங்கவயலில் அவர்கள் செய்தது

1880 முதல் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே சுரங்கம் நடத்தியது. வட ஆர்க்காட்டிலிருந்தும் பிற மாவட்டங்களிலிருந்தும் வந்த நம் மக்கள், பெரும்பாலும் ஒடுக்கப்பட்டோர், பூமிக்கடியில் இறங்கினர். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழமானது. திடீர்ப் பாறை வெடிப்பும், தூசியால் வரும் சிலிகோசிஸ் நோயும் அவர்களின் கூடப்பிறந்தவை. 1930-இல் கைரேகைப் பதிவை எதிர்த்து வேலைநிறுத்தம் நடந்தது. 1946 நவம்பர் 4 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஆறு தொழிலாளர்கள் மாண்டனர். 1952 தேர்தலில் கம்யூனிஸ்ட் தலைவர் கே.எஸ். வாசன் சட்டமன்றம் சென்றார். "ஐயா" என்று குனிந்தே பேசிய தொழிலாளியை நிமிர்ந்து பேசவைத்ததில் செங்கொடிக்கு உரிய பங்கை நான் மறுக்கமாட்டேன்.

என் மறுப்புகள்

முதலாவது, தீமையின் வேர் எங்கே? உடைமையில் என்கிறது இடதுசாரி. மனித இருதயத்தில் என்கிறது வேதம். 1956-இல் மைசூர் அரசு சுரங்கங்களை ஏற்றது. 1962-இல் மத்திய அரசு ஏற்றது. தனி முதலாளி போனார். மேலதிகாரி, கீழ்த்தொழிலாளி என்ற நிலை போகவில்லை. பொதுத்துறை நிறுவனமாக இருந்தபோதே, 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. தாதுவில் தங்கம் குறைந்ததும் அதற்கு ஒரு காரணம். ஆனால் உடைமையை மாற்றினால் எல்லாம் மாறும் என்ற நம்பிக்கையைத் தங்கவயல் மெய்ப்பிக்கவில்லை.

இரண்டாவது, கட்சி கடவுளின் இடத்தைக் கேட்கும் ஆபத்து. மாஸ்கோவின் மீட்பர் கிறிஸ்து பேராலயத்தை 1931-இல் ஸ்டாலின் அரசு வெடிவைத்துத் தகர்த்தது. அரசுக்கு மேலே ஒரு நீதி உண்டு என்று சொல்ல ஆளில்லாமற் போனால் ஏழைக்கும் பாதுகாப்பில்லை.

மூன்றாவது, சமய இடதுசாரிகள். பெரு நாட்டுக் குருவானவர் குஸ்தாவோ குத்தியேரஸ் 1971-இல் விடுதலை இறையியலை நூலாக்கினார். அதில் சிலர் மார்க்சிய ஆய்வுமுறையை அப்படியே ஏற்பதை வத்திக்கான் 1984-இல் கண்டித்தது. நமக்கு அருகே பெங்களூரிலும் இச்சிந்தனை வளர்ந்தது. ஐக்கிய இறையியல் கல்லூரியில் அரவிந்த் நிர்மல் 1981-இல் ஆற்றிய உரை தலித் இறையியலுக்கு வித்திட்டது. எம்.எம். தாமஸ் இன்னும் சுவையான உதாரணம். இளமையில் திருச்சபைக் குருப்பட்டத்துக்கும் கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினர் பதவிக்கும் விண்ணப்பித்தார், இரண்டும் மறுக்கப்பட்டன! இவர்களின் அக்கறையை மதிக்கிறேன். ஆனால் சிலுவை போராட்டச் சின்னமாக மட்டும் சுருங்கினால், ஒடுக்குபவனும் மனந்திரும்பலாம் என்ற நற்செய்தி எங்கே போகும்?

நம் பக்கத்துக் குறை

இங்கே பழமைவாதிகளாகிய நாமும் கண்ணாடி பார்க்கவேண்டும். கேரளத்தில் 1957-இல் அமைந்த இ.எம்.எஸ். அமைச்சரவையின் கல்வி மசோதாவை எதிர்த்துத் திருச்சபைத் தலைவர்களும் பிற சமூகத்தவரும் தெருவில் இறங்கினர். 1959 ஜூலை 31-இல் அவ்வமைச்சரவை கலைக்கப்பட்டது. பள்ளிகளைக் காக்க நினைத்தது நியாயமே. ஆனால் அரசியலால் இரட்சிப்பு தேடுகிறார்கள் என்று பிறரைச் சாடும் நாம், அன்று எதைத் தேடினோம்? தமிழகத்தில் எறையூரில் 2008-இல் ஒரே திருச்சபையைச் சேர்ந்தவர்கள் சாதியால் மோதிக்கொண்டார்களே, இருதயம் மாறியவர்கள் செய்யும் காரியமா அது? யாக்கோபு நிருபத்தின் 5-ஆம் அதிகாரம் கூலியைப் பிடித்துவைத்தோரைக் கடிந்துகொள்கிறது. அந்த அதிகாரத்தைச் சித்தப்பா மனப்பாடமாகச் சொல்வார். எங்கள் ஆலயத்தில் அதைப் பற்றிப் பிரசங்கம் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

வீட்டில் கற்ற பாடம்

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது பாறை வெடிப்பில் அப்பாவின் கால் நசுங்கியது. சபையார் இரவெல்லாம் ஜெபித்தனர். அம்மாவுக்கு அது பெரும் பலம். நஷ்டஈட்டு மனு எழுதி, சாட்சிகளைச் சேர்த்து, வாதாடிப் பணம் வாங்கித் தந்தவர் சித்தப்பா. அந்தப் பணத்தில்தான் நான் படித்தேன்.

பின்னாளில் சித்தப்பா சிலிகோசிஸில் மூச்சுக்குத் திணறியபோது, ஊன்றுகோலுடன் தினமும் வந்து தலைமாட்டில் அமர்ந்தவர் அப்பா. சித்தப்பா ஜெபம் செய்யச் சொல்லவில்லை. அப்பா ஜெபித்தபோது வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "முடிச்சிட்டியாண்ணே? கொஞ்சம் தண்ணி குடு" என்றார் ஒருநாள். தண்ணீர் கொடுத்த அப்பாவின் கை நடுங்கியதைப் பார்த்தேன்.

மனிதனின் அடிப்படை நோய் பாவம் என்றே நான் இன்றும் நம்புகிறேன். அதற்குக் கட்சியிடம் மருந்தில்லை. ஆனால் நோய் தெரிந்தவன் நோயாளியைத் தொடாமல் நின்றால், அவன் வைத்தியனல்ல.

சிந்தனைக்கு: குடும்பத்தோடு அமர்ந்து பேசுங்கள்

1. மனமாற்றமா, சமூக மாற்றமா, எது முதலில்? ஒன்றில்லாமல் மற்றது நிலைக்குமா?

2. நம்மோடு கருத்து மாறுபட்ட ஒருவர் நம் குடும்பத்துக்குச் செய்த நன்மை எது?

3. அவருக்கு அதைச் சொல்லியிருக்கிறோமா?