‘செயின்’ என்னும் எச்சமும் காலநிலைக் கணிப்பும்

முன்னுரை

வருவதை முன்னறிய வேண்டும் என்னும் வேட்கை மாந்தர்க்குப் புதியதன்று. எறும்பு முட்டை சுமந்து மேடேறக் கண்டு மழையை எதிர்நோக்கியவர் நம் முன்னோர். இன்று அப்பணியைக் கணிப்பொறிகள் ஏற்றுள்ளன. ‘இந்நூற்றாண்டின் இறுதியில் உலகின் வெப்பம் இத்தனை பாகை உயரும், கடல்மட்டம் இவ்வளவு ஏறும்’ என நாளிதழ்கள் எழுதுகின்றன. அவற்றைப் படிப்போருள் ஒரு சாரார் அதனை மாற்றவொண்ணா விதியெனக் கொண்டு சோர்கின்றனர். மற்றொரு சாரார், ‘நாளைய மழையையே சரியாகச் சொல்லத் தெரியாதவர் நூறாண்டு கழித்து வருவதைச் சொல்வரோ?’ என எள்ளி ஒதுக்குகின்றனர். இவ்விரு நிலைக்கும் பிறப்பிடம் ஒன்றே. அக்கணிப்பு எவ்வகை வாக்கியத்தால் ஆனது என்பதை இரு சாராரும் நோக்குவதில்லை.

தொல்காப்பியர் தொகுத்துரைத்த வினையெச்ச வாய்பாடுகளுள் ‘செயின்’ என்பதும் ஒன்று. ‘மழை பெய்யின் குளம் நிறையும்’ என்னும் தொடரைக் காண்போம். மழை பெய்யும் என்று இத்தொடர் உறுதி கூறவில்லை. பெய்யாது என்றும் கூறவில்லை. பெய்தலுக்கும் நிறைதலுக்கும் உள்ள தொடர்பை மட்டுமே உறுதி கூறுகிறது. காலநிலை மாதிரிகள் தரும் கணிப்புகள் யாவும் இச்செயின் வாய்பாட்டு எச்சத்தைத் தலையில் உடையன. அவ்வெச்சத்தை நீக்கிவிட்டு முற்றை மட்டும் படிப்பதால் விளையும் மயக்கத்தைக் களைவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வானிலையும் காலநிலையும்

வானிலை வேறு, காலநிலை வேறு. தமிழிலக்கணம் அறிந்தார்க்கு இவ்வேறுபாடு கடினமன்று. ஆவணி, புரட்டாசித் திங்களைக் கார் என்றும், ஐப்பசி, கார்த்திகையைக் கூதிர் என்றும் பெரும்பொழுதாக வகுத்தனர். கார்காலத்தில் மழை எதிர்நோக்கப்படும் என்பது காலநிலை. ஆவணி பத்தாம் நாள் மாலையில் நம் தெருவில் மழை பெய்ததா என்பது வானிலை. முன்னது பல ஆண்டுகளின் பொதுநிலை. பின்னது ஒருநாள் நிகழ்வு.

ஒருநாள் நிகழ்வை நெடுந்தொலைவுக்கு முன்னுரைத்தல் இயலாது. தொடக்கநிலையில் உள்ள மிகச் சிறு வேறுபாடும் நாளடைவில் பெரிதாகி விடையையே மாற்றிவிடும் என்பதை எட்வர்ட் லோரன்சு என்னும் அமெரிக்க அறிஞர் 1963-இல் நிறுவினார். ஏறத்தாழ இரு வாரங்களுக்கு அப்பால் ஒரு குறிப்பிட்ட நாளின் வானிலையைச் சொல்லவியலாமை இதனாலேயே ஆகும். ஆயினும் இது காலநிலைக் கணிப்பைத் தடுப்பதில்லை. அடுப்பில் ஏற்றிய உலையில் அடுத்த குமிழி எவ்விடத்தில் எழும் என்று எவராலும் கூறவியலாது. தீயை மிகுப்பின் உலை விரைந்து கொதிக்கும் என்பதை யாவரும் அறிவர். மாதிரி சொல்ல முயல்வது தீயைப் பற்றியது, குமிழியைப் பற்றியதன்று.

மாதிரி என்பது யாது?

காலநிலை மாதிரி என்பது இயற்பியல் விதிகளைக் கணித வடிவில் அமைத்த ஒரு கணிப்பொறி நிரலாகும். வளிமண்டலமும் கடலும் பல்லாயிரம் கட்டங்களாகப் பகுக்கப்படுகின்றன. வளிமண்டலக் கட்டம் ஒவ்வொன்றும் பெரும்பாலும் நூறு கிலோமீட்டர் அளவினது. ஒன்றன்மேல் ஒன்றாகப் பல அடுக்குகளும் உண்டு. கட்டந்தோறும் வெப்பம், அழுத்தம், காற்றின் விரைவு, ஈரம் ஆகியன குறிக்கப்படும். பொருளும் ஆற்றலும் அழிவதில்லை என்னும் விதிகளும், நியூட்டனின் இயக்க விதிகளும் கொண்டு, சில நிமிடங்கள் கழித்து அவ்வளவுகள் எவ்வாறு மாறும் எனக் கணிக்கப்படும். அவ்விடையே அடுத்த கணக்கிற்கு முதலாகும். இவ்வாறு நூறாண்டுக் காலம் கணிப்பொறிக்குள் நடத்திப் பார்க்கப்படுகிறது.

இங்கே ஒரு குறை உண்டு. முகிலின் அளவு சில கிலோமீட்டரே. ஒரு மாவட்டத்தையே விழுங்கும் கட்டத்திற்குள் தனி முகில் புலப்படாது. ஆகவே கட்டத்தின் சராசரி ஈரமும் வெப்பமும் இவ்வாறிருப்பின் முகில் இவ்வளவு உண்டாகும் என்று, நேரிற்கண்ட அளவுகளைக் கொண்டு தோராய விதி வகுக்கின்றனர். மாதிரிக்கு மாதிரி விடை வேறுபடுதற்குத் தலையாய காரணம் இதுவே.

வளர்ந்த வரலாறு

கரியமில வாயு வெப்பத்தைத் தடுத்து நிறுத்தும் என்பது கணிப்பொறி கண்டுபிடித்த செய்தியன்று. 1859-இல் ஜான் டிண்டால் ஆய்வகத்தில் அதனை அளந்து காட்டினார். 1896-இல் சுவீடன் நாட்டு வேதியியலறிஞர் அர்ரீனியசு, காற்றிலுள்ள கரியமில வாயு இரு மடங்காயின் உலகின் வெப்பம் 5 முதல் 6 பாகை வரை உயரும் என்று கையாலேயே கணக்கிட்டார். முதற்கணிப்பே ‘ஆயின்’ என்னும் எச்சத்தோடு பிறந்தமை ஈண்டு நோக்கத்தக்கது.

வளிமண்டலத்தைக் கட்டங்களாகப் பகுத்துக் கணிக்கும் முறையை வகுத்தவர் ஆங்கிலேயர் லூயிசு பிரை ரிச்சர்ட்சன். முதல் உலகப்போரின்போது பிரான்சில் மருத்துவ ஊர்தி ஓட்டிய அவர், 1910 மே 20-ஆம் நாளின் ஆறு மணி நேர வானிலையைக் கையால் கணித்தார். காற்றழுத்தம் 145 மில்லிபார் உயரும் என விடை வந்தது. உண்மையில் அன்று அழுத்தம் பெரிதும் மாறவேயில்லை. தம் கணக்குப் பிழைபட்டதை அவர் மறைத்தாரில்லை. 1922-இல் வெளியிட்ட நூலில் முழுமையாகப் பதிந்தார். முறை சரியானதே, முதலில் இட்ட அளவுகளே சீர்ப்படாதிருந்தன என்பதைப் பின்வந்தோர் கண்டறிந்தனர். 1950-இல் எனியாக் என்னும் கணிப்பொறி, ஒருநாள் வானிலையைக் கணிக்க ஏறத்தாழ ஒருநாள் எடுத்துக்கொண்டது. இன்றைய கணிப்பொறிகள் ஒரே நாளில் பல ஆண்டுகளைக் கணித்து முடிக்கின்றன.

1967-இல் சப்பானில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய சியுகுரோ மனாபேயும் ரிச்சர்டு வெதரால்டும், கரியமில வாயு இருமடங்காயின் வெப்பம் 2 பாகைக்குச் சற்று மேல் உயரும் என்று கணித்தனர். 1979-இல் அமெரிக்க அறிவியல் கழகத்திற்காகச் சார்னி தலைமையில் அமைந்த குழு அதனை 1.5 முதல் 4.5 பாகை வரை என்றும், நடுமதிப்பு 3 பாகை என்றும் உரைத்தது. ஐ.பி.சி.சி. எனப்படும் பன்னாட்டு அரசுகளின் காலநிலைக் குழு, 2021-இல் வெளியிட்ட அறிக்கையில் 2.5 முதல் 4 பாகை வரை இருக்கக்கூடும் என்று எல்லையைச் சுருக்கியது. நடுமதிப்போ அதே 3 பாகை. நாற்பதாண்டு ஆய்வும் அந்நடுவை அசைக்கவில்லை.

உரைகல்லில் உரைத்தல்

முன்னுரைப்பவர் எவராயினும் அவர்தம் சொல்லை உரைகல்லில் உரைத்தே ஏற்றல் வேண்டும். மாதிரிகளுக்கும் இச்சோதனைகள் நிகழ்ந்துள்ளன. அவற்றுள் மூன்றினை இங்குக் காண்போம்.

முதலாவது: மனாபேயின் கணக்கு, கரியமில வாயு மிகின் கீழ்வளி வெப்பமடையும், மேலடுக்காகிய அடுக்குவளி குளிரும் என்றது. வெப்பத்திற்குக் கதிரவன் காரணமாயின் இரண்டும் வெப்பமடைதல் வேண்டும். பின்னாளில் பலூன்களும் செயற்கைக்கோள்களும் அளந்தபோது கீழே வெப்பமும் மேலே குளிர்ச்சியுமே காணப்பட்டன. மனாபே 2021-இல் கிளாசு ஆசல்மன், ஜார்ஜோ பரீசி ஆகியோருடன் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றார்.

இரண்டாவது: 1991 சூனில் பிலிப்பைன்சு நாட்டின் பினாட்டுபோ எரிமலை வெடித்து, கோடிக்கு மேற்பட்ட டன் கந்தக டை ஆக்சைடை வானில் உமிழ்ந்தது. ஜேம்சு ஆன்சன் குழுவினர் தம் மாதிரியில் இதனை இட்டு, 1992-இல் உலகம் ஏறத்தாழ அரைப் பாகை குளிரும் என்றும், சில ஆண்டுகளில் மீளும் என்றும் முன்கூட்டியே வெளியிட்டனர். ஏறத்தாழ அவ்வாறே நிகழ்ந்தது.

மூன்றாவது: 1970 முதல் 2007 வரை வெளியான 17 கணிப்புகளை, பின்னர் உண்மையில் அளந்த வெப்பத்தோடு நான்கு அறிஞர்கள் ஒப்பிட்டனர். அவ்வாய்வு 2019 இறுதியில் வெளிவந்தது. 17-இல் 10 கணிப்புகள் அளவீட்டோடு ஒத்தன. கணித்தோர் எண்ணிய புகை அளவுக்கும் மாந்தர் உண்மையில் வெளியிட்ட அளவுக்கும் உள்ள வேறுபாட்டைக் கழித்துப் பார்த்தபோது 14 கணிப்புகள் ஒத்தன. அஃதாவது, பிழைபட்டனவாகத் தோன்றியவற்றுள் நான்கில் தொடர்பு சரியாகவே இருந்தது; நிபந்தனையே வேறாக அமைந்தது.

நிபந்தனை மாறின் விடை மாறும்

இதற்கு ஆன்சன் 1988-இல் வெளியிட்ட கணிப்பே தக்க சான்று. அவர் ஒரே விடையைத் தரவில்லை. புகை பெருகின், அளவாக வளரின், கடுமையாகக் குறைப்பின் என மூன்று வழிகளைத் தந்தார். நடுவழியினும் உலகம் சற்றுக் குறைவாகவே வெப்பமடைந்தது. அவர்தம் மாதிரி வெப்பத்திற்குச் சற்று மிகையாக அசைந்தது ஒரு காரணம். குளிர்பதனப் பெட்டிகளில் பயன்பட்ட குளோரோபுளோரோகார்பன் வளிகள் அவர் எண்ணியவாறு பெருகாமை மற்றொரு காரணம். 1987-இல் மாண்ட்ரீல் நகரில் கையெழுத்தான உடன்படிக்கையால் உலக நாடுகள் அவ்வளிகளைக் கட்டுப்படுத்தின. மாந்தர் நிபந்தனையை மாற்றினர், விடையும் மாறியது.

கட்டுப்படுத்தாதிருப்பின் யாது நிகழ்ந்திருக்கும் என்பதையும் மாதிரி கொண்டு கண்டனர். 2065-இல் உலகின் ஓசோன் படலத்தில் மூன்றில் இரு பங்கு அழிந்திருக்கும் என 2009-இல் வெளிவந்த ஆய்வு உரைத்தது. அவ்வுலகம் வரவில்லை என்பதால் அக்கணிப்பைப் பொய் என்பார் உளரோ? அது வாராதிருக்கவே மாந்தர் உழைத்தனர்.

2021-ஆம் ஆண்டு அறிக்கையையும் இக்கண்ணோடே படித்தல் வேண்டும். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியோடு ஒப்பிட, இந்நூற்றாண்டின் இறுதி இருபதாண்டில் உலக வெப்பம், புகையை மிக விரைந்து குறைப்பின் ஏறத்தாழ 1.4 பாகையும், இடைநிலையில் செல்லின் 2.7 பாகையும், மிகப் பெருகின் 4.4 பாகையும் மிகும் என்பது அதன் கூற்று. கடல்மட்டம் 2100-இல், முதல் வழியில் 0.28 முதல் 0.55 மீட்டர் வரையும், கடை வழியில் 0.63 முதல் 1.01 மீட்டர் வரையும் உயரக்கூடும். இவற்றுள் எவ்வழியில் செல்வோம் என்பதை மாதிரி சொல்லாது. அது இயற்பியலுக்குள் அடங்காத வினா; அரசுகளும் ஆலைகளும் வீடுகளும் விடை பகர வேண்டிய வினா.

ஐயத்திற்குரியவை

மாதிரிகளைக் குறையற்றன என்று போற்றுதலும் முறையன்று. ஆர்க்டிக் கடற்பனி, மாதிரிகள் பல காட்டியதினும் விரைவாகக் குறைந்தது. அண்மைய மாதிரிகளுள் சில மிகையான வெப்பம் காட்டியமையால், ஐ.பி.சி.சி. அவற்றின் விடையை அவ்வாறே ஏற்காது, பழங்காலச் சான்றுகளோடும் அளவீடுகளோடும் சீர்தூக்கியே முடிவுரைத்தது. உலகச் சராசரியைச் சொல்வதில் உள்ள உறுதி, ஒரு வட்டாரத்து மழையைச் சொல்வதில் இல்லை. பருவமழை அத்தகைய கடின வினாக்களுள் ஒன்று. அதனை ஆராயப் புணேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் புவிமாதிரி ஒன்றை உருவாக்கியது. 2021 அறிக்கைக்கு அடிப்படையான பன்னாட்டு மாதிரி ஒப்பீட்டில் இந்தியாவிலிருந்து முதன்முதலாகப் பங்கேற்ற மாதிரி அதுவே.

ஐயம் இருப்பதால் வாளாவிருக்கலாம் என்பாரும் உளர். ஐயம் இரு பக்கமும் சாயும் இயல்பினது. நடுமதிப்பினும் குறைவாக நிகழக்கூடும், மிகுதியாகவும் நிகழக்கூடும். குளத்தின் கரை வலியது என்பதில் ஐயமுடைய ஊரார், ஐயத்தையே காரணம் காட்டிக் கரையைக் காவாது உறங்குவரோ?

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், காலநிலை மாதிரி இயற்பியல் விதிகளின் மேல் எழுந்தது என்பதும், கடந்தகால நிகழ்வுகளால் சோதிக்கப்பட்டது என்பதும், முகில், வட்டார மழை போன்றவற்றில் அதற்கு எல்லை உண்டு என்பதும், அதன் கூற்று யாவும் நிபந்தனைக் கூற்றே என்பதும் பெறப்பட்டன. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என வகுத்த மொழி நம்முடையது. அம்முதல் மாறின் கருவும் உரியும் மாறும் என்பதை நமக்கு எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டுவதில்லை. இம்மொழி பயிலும் மாணவர்கள் இனி ஒரு கணிப்பைப் படிக்கும்போது, முற்றுவினையை மட்டும் கண்டு அஞ்சாமலும் நகையாமலும், அதன் முன்னுள்ள எச்சத்தைத் தேடுவாராக. ‘எது செய்யின் இது நிகழும்?’ என வினவுவாராக. அவ்வெச்சத்தில் அடங்கிய வினைக்கு எழுவாய் மாந்தராகிய நாமே.