பெற்றோல் காசுக்கு வரிக் கழிவு உண்டா?

கேள்வி: பேசாலையில் இருக்கிறேன். மன்னார் டவுனில் ஒரு தனியார் நிறுவனத்தில் கள உத்தியோகத்தர். தலைமன்னார், வங்காலை, சிலாவத்துறை என்று சொந்த மோட்டார் சைக்கிளில்தான் ஓட்டம். சம்பளம் 165,000 ரூபா, பிரயாணப்படி 25,000. மாதம் 2,400 ரூபா வரி பிடிக்கிறார்கள். சொந்த வாகனத்தில் வேலைக்கு ஓடினால் மைல் கணக்கில் வரிக் கழிவு கேட்கலாம் என்று லண்டனில் இருக்கும் மச்சான் சொல்கிறார். இங்கும் முடியுமா? சனி, ஞாயிறில் கருவாடு வாங்கி வவுனியாவுக்குக் கொடுக்கும் சின்ன வியாபாரமும் உண்டு.

பதில்: மச்சான் சொன்னது அவர் இருக்கும் நாட்டுக்குச் சரி. பிரித்தானியாவில் காருக்கு முதல் 10,000 மைல் வரை மைலுக்கு 45 பென்ஸ் என்று 2011இல் வைத்தார்கள், மோட்டார் சைக்கிளுக்கு 24 பென்ஸ்; முதலாளி அதைவிடக் குறைத்துக் கொடுத்தால் குறைந்த தொகைக்கு வரிக் கழிவு கேட்கலாம். இலங்கையில் அது இல்லை. 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம் செலவுக் கழிவை வியாபாரத்துக்கும் முதலீட்டுக்கும் தருகிறது, சம்பளக்காரருக்குத் தரவில்லை. சொந்த வண்டியைத் தேய்த்து வேலை செய்பவருக்கு இது நியாயமில்லை என்பதே என் எண்ணம். ஆனாலும் சட்டம் அதுதான்.

உங்களுக்கு வழி இருப்பது அந்த 25,000 ரூபாவில். மாதாமாதம் கைக்கு வரும் பிரயாணப்படி சம்பளத்தோடு சேர்ந்த வருமானம். 2025 ஏப்ரல் 1 முதல் வருட நிவாரணம் 18 இலட்சம், அதாவது மாதம் 150,000. உங்கள் 190,000இல் அதைக் கழித்தால் 40,000. அதற்கு 6 வீதம் 2,400. நிறுவனத்தின் வேலைக்காக நீங்கள் செய்த செலவை நிறுவனம் மீளளித்தால் அது வருமானத்தில் சேராது. 25,000உம் அப்படி வந்தால் வரி 900 ரூபாதான். வருடத்துக்கு 18,000 மிச்சம்.

சம்பளச் சீட்டில் பெயரை மாற்றினால் மட்டும் போதாது. ஒரு கொப்பி போடுங்கள்: திகதி, புறப்படும்போதும் திரும்பும்போதும் மீற்றர் எண், போன இடம், போன காரியம். பெற்றோல் பற்றுச்சீட்டை அதே பக்கத்தில் ஒட்டுங்கள். மாத முடிவில் மேலதிகாரி ஒப்பமிட்டு, செலவான அளவுக்கு மட்டும் காசு தர வேண்டும். பேசாலை வீட்டிலிருந்து டவுன் அலுவலகத்துக்குப் போய்வரும் ஓட்டம் இதில் வராது. அது உங்கள் சொந்தப் பயணம். மச்சானின் நாட்டிலும் வீட்டுக்கும் அலுவலகத்துக்குமான ஓட்டத்தைச் சேர்க்க விடமாட்டார்கள்.

கருவாட்டுக் கணக்கு வேறு. அது வியாபாரம், ஆகவே அதற்கான வாகனச் செலவைக் கழிக்கலாம். மாதம் 1,200 கிலோமீற்றர் ஓடி, அதில் 300 கருவாட்டுக்கு என்றால், பெற்றோல், ஒயில், டயர், திருத்த வேலை எல்லாவற்றிலும் காற்பங்கு. தாம்போதி உப்புக்காற்றில் துருவேறி மாற்றிய செயினுக்கும் காற்பங்கு உண்டு, கராஜில் பற்றுச்சீட்டு வாங்கியிருந்தால். அலுவலகம் காசு தந்த பெற்றோலை மறுபடி இங்கே எழுதக் கூடாது.

கருவாட்டு இலாபத்தைச் சம்பளத்தோடு சேர்த்து வருமான வரி விபரத்திரட்டில் காட்ட வேண்டும். மார்ச் 31இல் முடியும் வருடத்துக்குக் கடைசித் திகதி நவம்பர் 30. கொப்பியையும் பற்றுச்சீட்டுகளையும் 5 வருடம் வைத்திருங்கள்.