ஹெல்மெட்டுக்குள் ஒரு மைக்

கேள்வி: கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் பயிற்சிக்குக் கார் ஓட்டுகிறேன். எந்த வளைவில் எங்கே பிரேக் பிடிக்கிறேன், எப்போது கியரை இறக்குகிறேன் என்று பேசிக்கொண்டே ஓட்டி, அதைப் பதிவு செய்து புதிதாக வரும் பையன்களுக்குப் போட்டுக் காட்ட ஆசை. டாஷ்போர்டில் ஆக்‌ஷன் கேமரா வைத்தேன். இன்ஜின் சத்தம்தான் கேட்கிறது. காலரில் குத்தும் மைக் வாங்கினேன். கரகரவென்று காற்றுச் சத்தம். இன்னும் விலை கூடிய மைக் வாங்க வேண்டுமா? அல்லது கம்ப்யூட்டரில் சத்தத்தை நீக்கிவிடலாமா? இரண்டு பதிவுகளையும் அனுப்பியிருக்கிறேன்.
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: விலையும் கம்ப்யூட்டரும் பிறகு. முதலில் மைக்கை உங்கள் உதட்டோரத்துக்குக் கொண்டுபோங்கள். முக்கால்வாசிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

உங்கள் பதிவுகளைக் கேட்டேன். கேமராவில் எடுத்ததில், கியர் இறக்குவதற்காக நீங்கள் ஆக்சிலரேட்டரை விடும் அரை நொடியில் மட்டும் ‘ரெண்டாவது’ என்று குரல் தெளிவாக மேலே வருகிறது. இன்ஜின் மறுபடி உறுமியதும் மூழ்கிவிடுகிறது. ஆக, குரல் மைக் வரை வந்திருக்கிறது; சத்தத்தோடு போட்டி போடத்தான் அதற்குப் பலமில்லை.

கணக்கைப் பாருங்கள். உரக்கப் பேசும் குரல் ஒரு மீட்டர் தள்ளி ஏறக்குறைய 70 டெசிபல் இருக்கும். தூரம் பாதியாகக் குறையும் ஒவ்வொரு முறையும் 6 டெசிபல் கூடும். பந்தயக் காரில் தரை விரிப்பு, கதவு உறை, பின்சீட்டு எல்லாவற்றையும் கழற்றிவிடுகிறார்கள் அல்லவா? உள்ளே சத்தம் 100 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். முக்கால் மீட்டர் தள்ளியிருக்கும் கேமராவுக்கு உங்கள் குரல் 72, 73 டெசிபல்தான் போய்ச் சேரும். ஹெல்மெட் வாயை மூடியிருந்தால் அதுவும் இல்லை. இதே குரல் உதட்டிலிருந்து 2 சென்டிமீட்டரில் 100-ஐத் தாண்டிவிடும். எவ்வளவு செலவு செய்தாலும் எந்த மைக்கும் இந்த 30 டெசிபலை உங்களுக்குத் தராது.

எந்த மைக்? விமானிகளின் ஹெட்செட்டில் வாய்க்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்குமே, அந்த வகை. அதன் சவ்வுக்கு முன்னாலும் திறப்பு உண்டு, பின்னாலும் உண்டு. தொலைவிலிருந்து வரும் இன்ஜின் சத்தம் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அழுத்தத்தில் தள்ளுவதால் சவ்வு அதிகம் அசையாது. உதட்டோரத்திலிருந்து வரும் குரல் முன்பக்கம் பலமாகவும் பின்பக்கம் மெலிந்தும் விழும். சவ்வு அதற்குத்தான் அசையும். அடித்தொனி உறுமலை இது நன்றாக வெட்டும். ஆனால் ஒரு விரற்கடை தள்ளி வைத்தாலே பலன் குறைந்துவிடும். திருப்பி வைத்தால் குரலும் போய்விடும். ராலி கார்களில் ஓட்டுநரும் பாதைக் குறிப்பு வாசிக்கும் துணை ஓட்டுநரும் பேசிக்கொள்வது இந்த வகை மைக்கில்தான். முகம் முழுக்க மூடும் ஹெல்மெட்டுக்கென்றே, தாடைப் பகுதியில் பொருத்துகிற சின்ன மைக்காகவும் இது கிடைக்கிறது.

வாய்க்கு நேராக வைக்காதீர்கள். ‘ப’ சொல்லும்போது வரும் மூச்சுக்காற்று சவ்வில் டப்பென்று அடிக்கும். வாயின் ஓரத்தில், பஞ்சு உறையோடு, ஹெல்மெட்டுக்கு அடியில் போடும் பாலகிளாவா துணி உரசாதபடி இருக்கட்டும். உங்கள் காலர் மைக்கில் கேட்ட கரகரப்பில் பாதி காற்று, மீதி துணி உரசல்.

தொண்டை மைக் பற்றிச் சிலர் உங்களிடம் சொல்லக்கூடும். இரண்டாம் உலகப் போரில் விமானிகளும் டாங்கிப் படையினரும் கழுத்தில் கட்டியிருந்தது அது. வெளிச்சத்தம் அதில் ஏறுவதே அரிது. உயிரொலியும் மெல்லினமும் நன்றாக வரும். ஆனால் நாக்கும் உதடும் சேர்ந்து உண்டாக்கும் ச, ட, த, ப மழுங்கிவிடும். உத்தரவு போட அது போதும். பாடம் சொல்லித்தர, என் கருத்தில், போதாது.

கம்ப்யூட்டர் ஏன் கைவிடுகிறது என்பதற்கு வருகிறேன். நான்கு சிலிண்டர் இன்ஜின் 6000 ஆர்பிஎம்மில் நொடிக்கு 200 முறை எரிகிறது. அந்த 200 ஹெர்ட்ஸோடு 400, 600, 800 என்று அதன் மடங்குகளும் எழும்பும். நேர்வெட்டுப் பல் கியர்பாக்ஸ் இருந்தால், நொடிக்கு நூறு சுற்றில் சுழலும் 20 பல் சக்கரம் 2000 ஹெர்ட்ஸில் ஊளையிடும். பழைய தொலைபேசி 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தியது. பேச்சு புரிய அதுவே போதும். சத்தமும் அதே இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. ஆர்பிஎம் ஏறி இறங்க, அதுவும் இடம் மாறிக்கொண்டே இருக்கும். 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள், அதில் நஷ்டமில்லை. செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் ஓரளவு உதவும். ஆனால் முற்றிலும் மூழ்கிப்போன எழுத்தை அவை ஊகித்துத்தான் நிரப்ப முடியும். எந்தக் கியர் என்று பையன்களுக்குச் சொல்லும் இடத்தில் ஊகம் கூடாது.

பதிவைக் கேமராவில் செய்யாதீர்கள். ஒலி அளவைத் தானாகச் சரிசெய்யும் வசதி அதில் இருக்கும். இன்ஜின் அலறியதும் மொத்தத்தையும் அமுக்கும், குரலும் சேர்ந்து அமுங்கும். தனி ரெக்கார்டர் வையுங்கள். 32 பிட் ஃப்ளோட் வகையானால் அளவு மீறிப் பதிவு உடையும் பயமில்லை. ஆனால் மைக்கே திணறினால் அதுவும் காப்பாற்றாது. 130 டெசிபலாவது தாங்கும் மைக்காகப் பாருங்கள். ரெக்கார்டர் அதன் சொந்த பேட்டரியில் ஓடட்டும். காரின் 12 வோல்ட்டில் சொருகினால் ஆல்டர்னேட்டரின் கீச்சொலி உள்ளே வரும். படத்தோடு பொருத்த, கிளம்பும் முன் கேமராவுக்கு எதிரே ஒரு கைத்தட்டு போதும்.

பேசும் விதமும் முக்கியம். சத்தத்தில் நம் குரல் தானாக உயரும் என்பதை எத்தியேன் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911-இலேயே எழுதியிருக்கிறார். கத்தினால் உயிரெழுத்துதான் ஊதும், மெய்யெழுத்து பின்தங்கிவிடும். காதடைப்பானுக்குள் உங்கள் குரலே மெதுவாகக் கேட்கும்படி செய்தால் கத்தத் தோன்றாது. வளைவுக்குள் பேச வேண்டாம். நேர்ச்சாலையிலேயே அடுத்த வளைவுக்கானதைச் சொல்லி முடித்துவிடுங்கள்.

கடைசியாக, கண்டிப்பாக ஒன்று. ஹெல்மெட்டில் துளை போடாதீர்கள், கண்ட பசையைத் தடவாதீர்கள். உள்ளே இருக்கும் நுரை பசையில் கரையலாம். உள்ளே ஒட்டியிருக்கும் ஸ்னெல் அல்லது எஃப்ஐஏ பாதுகாப்புச் சான்றுக்கும் அதன் பிறகு மதிப்பில்லை. ஹெல்மெட் தயாரிப்பாளர் அனுமதிக்கும் முறையில் மட்டும் பொருத்துங்கள். ரெக்கார்டரை வெறும் வெல்க்ரோவில் விடாமல் பட்டை போட்டுக் கட்டுங்கள். வயரின் இணைப்பு, இழுத்தால் தானே கழன்றுவிடுவதாக இருக்க வேண்டும். டிராக்குக்குள் போகும் முன், கார் நின்ற நிலையில் பெல்ட்டை அவிழ்த்து வேகமாக வெளியே இறங்கிப் பாருங்கள். வயர் உங்களைப் பிடித்து இழுத்தால் அன்றைக்குப் பதிவு வேண்டாம். இணைப்பை மாற்றிய பிறகு ஓட்டுங்கள்.