வானகரத்தில் லோடு எடுக்கும் ஓனர் கம் டிரைவர்: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

மேற்கே இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகள், வடக்கே அம்பத்தூர் எஸ்டேட், கிழக்கே கோயம்பேடு. பூந்தமல்லி நெடுஞ்சாலையும் தாம்பரம்–புழல் பைபாஸும் கூடும் இடத்தை ஒட்டிய வானகரத்தில் லோடுக்குப் பஞ்சமில்லை. இருந்தும், கடனில் ஒரு வண்டி வாங்கித் தானே ஓட்டுபவர் மாதாமாதம் டியூ கட்டத் திணறுகிறார். பெரும்பாலும் அந்தத் திணறல் வாடகை பேசும்போதே தொடங்கிவிடுகிறது.

செய்ய வேண்டியவை

வண்டி திரும்பி வந்து நிற்கும் வரை கணக்குப் போட்டு வாடகை பேசுங்கள். பெங்களூரு போய்வர ஏறக்குறைய 700 கிலோமீட்டர். லிட்டருக்கு 4 கிலோமீட்டர் தரும் டாரஸ் 175 லிட்டர் குடிக்கும். டீசல் 92 ரூபாய் என்று வைத்தால் அதுவே 16,100 ரூபாய். டோல், பேட்டா, டயர் தேய்மானம், அந்த நாட்களுக்கான டியூ எல்லாம் இதற்கு மேல். ரிட்டன் லோடு கிடைக்கும் என்று நம்பி, போகிற வாடகையை இறக்கிவிடாதீர்கள். கோயம்பேட்டில் தக்காளி இறக்கிய கோலார் வண்டிக்கு இங்கிருந்து ஏற்றுவதுதான் ரிட்டன். டீசல் காசு தேறினால் போதும் என்று அந்த வண்டிக்காரர் கிளம்பிவிடுவார். அதையே மார்க்கெட் ரேட் என்று புரோக்கர் உங்களிடம் சொல்வார். அந்த ரேட்டுக்கு நீங்கள் ஓடினால் கைக்காசு போகும். வேறு ரூட் கேளுங்கள். கிடைக்காவிட்டால் அன்றைக்கு வண்டி நிற்கட்டும். நஷ்டத்துக்கு ஓடுவதைவிட நிற்பது மேல்.

இறக்கும் ஊரில் இரண்டு மூன்று புக்கிங் ஆபீஸ்களைப் பழகி வைத்து, இங்கே ஏற்றும்போதே அங்கே போன் போட்டுவிடுங்கள். லோடு செயலிகள் அன்றைய ரேட்டைத் தெரிந்துகொள்ள உதவும். ஆனால் நிலையான பிழைப்பு சரக்கு அனுப்பும் நேர் பார்ட்டியிடம்தான். அம்பத்தூரில் சொந்த வண்டி இல்லாத சிறு தொழிற்கூடங்கள் பல. சொன்ன நேரத்துக்கு வருபவரை அவர்கள் விடமாட்டார்கள்.

வண்டி காத்துக் கிடக்கும் நேரத்துக்கான ஹால்டிங் காசை முன்கூட்டியே பேசி, வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்குங்கள். கேட்டில் நுழைந்த நேரம் எல்.ஆர். (லாரி ரசீது) மேல் பதிவாகட்டும்.

பத்து வண்டி வரை வைத்திருப்பவர் பான் எண்ணோடு உறுதிமொழி எழுதிக் கொடுத்தால் டிரான்ஸ்போர்ட் கம்பெனி வாடகையில் டிடிஎஸ் பிடிக்க வேண்டியதில்லை. பலருக்கு இது தெரியாமல், பிடித்த பணம் திரும்ப வராமலே போகிறது. சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவும் செய்துவிடுங்கள், கட்டணம் கிடையாது. சிறு தொழில் செய்பவருக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது 2006ஆம் ஆண்டுச் சட்டம். வாடகை பேலன்ஸைத் தராமல் இழுக்கிறவரிடம் காட்ட ஒரு பிடி அது.

செய்யக்கூடாதவை

ஓவர்லோடு ஏற்றாதீர்கள். 2018இல் மூன்று ஆக்சில் வண்டியின் மொத்த எடை 28.5 டன்னாக உயர்ந்தது. அதைத் தாண்டினால் அபராதம் 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. மீறிய சரக்கை இறக்கவும் வைப்பார்கள். பார்ட்டி தரும் கூடுதல் வாடகை இதில் எந்த மூலைக்கு?

ஈவே பில்லைப் படிக்காமல் சாவியைத் திருப்பாதீர்கள். வண்டி நம்பர் சரியா, தேதி சரியா என்று பாருங்கள். பில் செல்லுபடியாவது ஒரு நாளுக்கு 200 கிலோமீட்டர் கணக்கில். வழியில் வண்டி பழுதானால், காலாவதிக்கு முந்தைய எட்டு மணி நேரத்திலோ பிந்தைய எட்டு மணி நேரத்திலோ அதை நீட்டிக்கலாம். உடனே பார்ட்டிக்குச் சொல்லுங்கள்.

நேஷனல் பர்மிட் இருக்கிறதே என்று பெங்களூருவில் ஏற்றி ஹுப்ளியில் இறக்காதீர்கள். வெளிமாநிலம் ஒன்றுக்குள்ளேயே ஏற்றி இறக்க அந்தப் பர்மிட் அனுமதிப்பதில்லை.

“இறக்கிட்டு வாங்கண்ணே, பார்த்துக்கலாம்” என்ற வார்த்தைக்கு அட்வான்ஸ் இல்லாமல் கிளம்பாதீர்கள். கையெழுத்தும் சீலும் வாங்கிய எல்.ஆரைப் போட்டோ எடுக்காமல் ஆபீசில் கொடுக்காதீர்கள். அந்தத் தாள் தொலைந்தால் பேலன்ஸும் தொலையும்.

தூக்கத்தை விற்காதீர்கள். சம்பளத்துக்கு ஓட்டும் டிரைவருக்கு நாளுக்கு 8 மணி நேரம்தான் வேலை என்று, 2025 வரை நடப்பில் இருந்த 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே சொன்னது. சொந்த வண்டி ஓட்டுபவரோ, டியூ தேதியை நினைத்துக்கொண்டே இரவு முழுக்க ஓட்டுகிறார். விடியலுக்குள் இறக்கினால் கூடுதலாகத் தருகிறேன் என்று பார்ட்டி சொன்னால் மறுத்துவிடுங்கள். வேலூரிலோ கிருஷ்ணகிரியிலோ நிறுத்தித் தூங்கி எழும் நேரத்தையும் சேர்த்தே இறக்கும் நேரத்தைப் பேசுங்கள்.